கைக்கு எட்டுகிற மரம்: யு-பிக் ஆப்பிள் தோட்டத்தின் இடைவெளிக் கணக்கு

செப்டம்பர் பிறந்துவிட்டால் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கிலும், கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் ஏரியோர ஊர்களிலும் சாலையோரமெங்கும் ‘யு-பிக்’ பலகைகள் முளைத்துவிடும். வாசலில் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஆப்பிளை நாமே பறித்து நிரப்பிக்கொண்டு வரலாம். டொராண்டோவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சனி, ஞாயிறுகளில் தமிழ்க் குடும்பங்களும் நிறையத் தென்படும். சில தோட்டங்களில் அரை மணியில் பை நிரம்பிவிடுகிறது. வேறு சிலவற்றில் தலைக்கு மேலே செக்கச்செவேலென்று தொங்குவதை அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே கிடைத்த வெளிறிய காய்களோடு திரும்ப வேண்டியிருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு அந்த ஆண்டு மழையோ உரமோ காரணமாக இருப்பது அபூர்வம். தோட்டக்காரர் வரிசைக்கு வரிசை, மரத்துக்கு மரம் எத்தனை அடி விட்டார், எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கன்றின் அடியில் வேராக நிற்கும் செடியில்) ஒட்டிய கன்றை வாங்கினார் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

கூலியாட்கள் பறிக்கும் வணிகத் தோட்டத்தின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பிறகு மரத்தை மட்டும் குட்டையாக வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. யு-பிக் தோட்டத்தில் கணக்கை மறுபக்கத்திலிருந்து போட வேண்டும். முதலில் உயரம். உயரத்திலிருந்து வேர்ச்செடி. அந்த இரண்டிலிருந்தும் இடைவெளி.

உயரத்தை முடிவு செய்வது கை

சராசரி உயரமுள்ள பெரியவர் நின்றபடி கையைத் தூக்கினால் ஆறரையிலிருந்து ஏழு அடி வரை எட்டும். ஆப்பிளை இழுத்துப் பறிக்கக்கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருக வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் இது நடக்காது. எட்டிப் பிடித்து இழுக்கிறவர் காயோடு சேர்த்து அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய குறுங்கிளையையும் பிய்த்துவிடுவார். அந்த அதிர்ச்சியில் பக்கத்திலுள்ள நான்கு காய்கள் கீழே விழும். ஆகவே வசதியாகப் பறிக்கக்கூடிய உச்சவரம்பு ஏறக்குறைய ஆறரை அடி. கிளைகள் காயின் எடையில் ஓர் அடியாவது தொங்கும் என்பதால், நடுத்தண்டின் நுனி எட்டு அடியில் நின்றால் போதும். எட்டரை வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஏணி கொடுக்கலாமே என்று கேட்பார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு வரும் வாடிக்கையாளரிடம் ஏணியைக் கொடுக்க எந்தக் காப்பீட்டு நிறுவனமும் எளிதில் சம்மதிக்காது. நீண்ட கழியின் முனையில் கூடை பொருத்திய பறிப்பான் ஒன்றிரண்டு வைத்திருப்பது உண்டு. வேடிக்கைக்கு அது சரி. மூட்டைக் கணக்கில் பறிக்க உதவாது. ஏணியும் இல்லாமல் கையும் எட்டாமல் போனால் மக்கள் என்ன செய்வார்கள் என்பது தெரிந்ததே: கிளையை உலுக்குவார்கள், பிள்ளையைத் தோளில் ஏற்றுவார்கள், கம்பியில் கால் வைத்து ஏறுவார்கள்.

கீழ்வரம்பும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு இரண்டிலிருந்து நான்கு அடி வரை உள்ள காய்தான் திருவிழா. ஆனால் ஒன்றரை அடிக்குக் கீழே தொங்கும் காயில் மழைச் சேறு தெறிக்கும், புல் வெட்டும் இயந்திரம் தட்டும். எனவே நடும்போதே தரையிலிருந்து இரண்டு அடி வரை உள்ள பக்கக் கிளைகளை நீக்கிவிடுவது வழக்கம். ஆக, விற்பனைக்கான பகுதி ஏறக்குறைய ஒன்றரை அடி முதல் ஆறரை அடி வரை, ஐந்து அடி உயரமுள்ள ஒரு பட்டை. மரத்தின் மற்ற பாகமெல்லாம் இந்தப் பட்டைக்கு வேலை செய்ய வேண்டும், அல்லது இருக்கவே கூடாது.

வேர்ச்செடி: உயரத்தின் உண்மையான கடிவாளம்

தமிழ்நாட்டில் மாவில் அடர் நடவு பார்த்தவர்களுக்கு மூன்றுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி தெரிந்திருக்கும். ஏக்கருக்கு 674 கன்று. அங்கே மரத்தை அடக்கி வைப்பது பெரும்பாலும் கவாத்துக் கத்தரியும், வளர்ச்சியைக் குறைக்கும் பேக்லோபூட்ரசால் மருந்தும்தான். ஆப்பிளில் நிலைமை வேறு. மரம் எவ்வளவு வளர வேண்டும் என்பதில் பெரும்பங்கை, ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்ச்செடி முடிவு செய்துவிடுகிறது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் 1910களில், ஐரோப்பா முழுக்கப் பெயர் குழம்பிக் கிடந்த குட்டை வேர்ச்செடிகளைப் பிரித்து எண் கொடுத்தார். இன்றும் உலகெங்கும் நடப்படும் எம்.9 அந்தப் பட்டியலில் ஒன்பதாவது. விதையிலிருந்து வளர்ந்த வேரின் மேல் நிற்கும் மரத்தை நூறு என்று வைத்தால், எம்.9 மேல் நிற்கும் மரம் ஏறக்குறைய 30 முதல் 35. ரஷ்யாவின் மிச்சூரின்ஸ்க்கில் உருவான புடகோவ்ஸ்கி 9, அதாவது பி.9, அதைவிடச் சற்றுச் சிறியது, கடுங்குளிரையும் தாங்கும். எம்.26 என்றால் 40 முதல் 45. எம்.7 என்றால் 55 முதல் 60. எம்.எம்.111 என்றால் 75க்கு மேல்; கவனிக்காமல் விட்டால் 18 அடி வரை போய்விடும், நன்றாகக் காய்க்கத் தொடங்கவும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்கத் தோட்டங்களில் இப்போது கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரில் 1968 முதல் உருவாக்கிவரும் ‘ஜி’ வரிசை வேர்ச்செடிகளுக்கு மதிப்பு அதிகம். காரணம் தீக்கருகல் நோய். எம்.9, எம்.26 இரண்டும் அந்த நோயில் வேரோடு சாகும், ஜி.41, ஜி.11 போன்றவை தாங்கும். ஜி.41 எம்.9 அளவே வளர்வது. பழைய ஆப்பிள் நிலத்திலேயே மறுபடி ஆப்பிள் நடும்போது வரும் மண் நோய்க்கும் அது ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் அதன் ஒட்டுப் பகுதி முறியும் தன்மை கொண்டது. முட்டுக்கொம்போடு கட்டாமல் முதல் ஆண்டைத் தாண்ட விட்டால், காற்றோ, சாய்ந்து படம் எடுக்கும் வாடிக்கையாளரோ ஒட்டில் முறித்துவிடுவார்கள்.

எட்டு அடி மரம் வேண்டுமென்றால் எம்.9 அளவு வேர்ச்செடியே பொருத்தம். நல்ல மண்ணும் வீரியமான ரகமும் சேர்ந்தால் பி.9 அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். எம்.7இல் நட்டுவிட்டு எட்டு அடியில் நிறுத்திக்கொள்வேன் என்பது, பாய்ந்துவரும் வாய்க்காலைக் கையால் அணைப்பது மாதிரி.

நடும் ஆழம் தப்பினால் இந்தத் தேர்வெல்லாம் வீண். ஒட்டுப் பகுதி, மண் படிந்து முடிந்த பிறகு, தரைக்கு மேலே நான்கிலிருந்து ஆறு அங்குலம் தெரிய வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால் மேலே ஒட்டிய ரகமே சொந்தமாக வேர் விட்டுவிடும், பிறகு எம்.9 இருந்தும் இல்லாததுபோல்தான், மரம் இருபது அடிக்குப் போகப் பார்க்கும். டிராக்டர் துளைப்பான் கொண்டு குழி போட்டால் தளர்ந்த மண் முதல் மழையிலேயே ஓரிரு அங்குலம் இறங்கும். அதையும் சேர்த்து மேலே தூக்கி நட வேண்டும். ஒரே வரிசையில் சில கன்றுகளின் ஒட்டு இரண்டு அங்குலத்திலும் சில எட்டு அங்குலத்திலும் நின்றால், ஐந்தாம் ஆண்டில் அந்த வரிசை பல் விழுந்த சீப்பு மாதிரி ஏற்ற இறக்கமாக இருக்கும்.

வரிசைக்கு வரிசை: வெயிலுக்கும் தள்ளுவண்டிக்கும் இடையே

வணிகத் தோட்டங்களில் இப்போது பரவலாக இருப்பது ‘டால் ஸ்பிண்டில்’ முறை, அதாவது மரங்களை நெருக்கி நட்டு, உயரமான ஒடுங்கிய கூம்பாக வளர்ப்பது. கார்னெலின் டெரன்ஸ் ராபின்சன் இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். வரிசைக்கு வரிசை 11 அல்லது 12 அடி, மரத்துக்கு மரம் 3 அல்லது 4 அடி, உயரம் 10 முதல் 11 அடி. பன்னிரண்டுக்கு மூன்று என்றால் ஏக்கருக்கு 1,210 மரம். ஏக்கரின் 43,560 சதுர அடியை ஒரு மரத்துக்கான சதுர அடியால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும்.

அந்த முறையின் அடிப்படை விதி, மரத்தின் உயரம் வரிசை இடைவெளியில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டக்கூடாது என்பது. தாண்டினால் ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையின் அடிக்கிளையில் விழும். ஆப்பிள் இலைக்கூட்டத்துக்குள் மூன்று அடிக்கு மேல் வெளிச்சம் நல்லபடி இறங்காது. முழு வெயிலில் முப்பது சதவீதத்துக்குக் கீழே கிடைக்கிற இடத்தில் பூமொட்டு குறையும், காய் சிறுக்கும். சிவப்பு ஏற அதைவிட அதிக வெளிச்சம் வேண்டும். வணிகத் தோட்டக்காரருக்கு நேர்மாறான கவலையும் உண்டு. மரம் குட்டையாகவும் வரிசை அகலமாகவும் இருந்தால் வெயில் இலையில் விழாமல் புல்லில் விழும். புல்லில் விழுந்த வெயில் நட்டம்.

யு-பிக் தோட்டத்தில் அந்த நட்டத்தில் ஒரு பங்கைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். எட்டு அடி மரத்துக்கு வெயில் கணக்குப்படி ஒன்பது அடி வரிசை போதும். ஆனால் அடிக்கிளைகள் இரண்டு பக்கமும் இரண்டரை, மூன்று அடி நீண்டிருக்கும்போது நடக்க மிஞ்சுவது மூன்று அடி. அதில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரும் எதிரே பையோடு வருபவரும் விலகிக்கொள்ள முடியாது. மருந்து தெளிக்கும் டிராக்டரும் போகாது. தோட்டத்துக்கென்றே வரும் குறுகிய டிராக்டர்கூட ஐந்தடி அகலம் இருக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே எட்டு அடி வெறுமையாக இருக்க வேண்டும் என்றால் வரிசைக்கு வரிசை 14 அடி. வாடிக்கையாளர் பையோடு நடந்து மட்டும் போகிற, வண்டி நுழையாத தோட்டமானால் 12 அடி போதும். பதினாறுக்கு மேல் விடுவது, எட்டு அடி மரத்துக்கு, நிலத்தை வீணடிப்பதே. அந்த அகலம் எம்.7, எம்.எம்.106 போன்ற பெரிய வேர்ச்செடிகளின் காலத்துத் தோட்டங்களின் மிச்சம்.

வடக்கு தெற்காக வரிசை ஓட வேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்லும். 42, 43 பாகை அட்சரேகையில் செப்டம்பர் வெயில் தாழ்ந்து சாய்வாக வருவதால், கிழக்கு மேற்கு வரிசையின் வடக்கு முகம் நிறம் ஏறாமல் நிற்கும். பதினொரு அடிச் சுவர் போன்ற வரிசைகளுக்கு இது கண்டிப்பான விதி. எட்டு அடி மரமும் 14 அடி வரிசையுமாக இருக்கும்போது நிழல் குறைவு என்பதால், நிலத்தின் சரிவு வேறு திசையைக் கேட்டால் சரிவின் பேச்சைக் கேட்கலாம்.

மரத்துக்கு மரம்: வீரியத்துக்கு இடம்

வணிகத் திட்டத்தை நகலெடுப்பவர் வழுக்கி விழும் இடம் இதுதான். மூன்று அடி இடைவெளியில் நட்ட எம்.9 மரம் பதினொரு அடி வரை வளர்ந்தால்தான் அதன் வீரியம் செலவாகும். அதையே எட்டு அடியில் வெட்டி நிறுத்தினால், மிச்ச மூன்று அடியை அது வேறெங்காவது வளர்ந்து தீர்க்கும். மேலே நேர்க்குத்தாகப் போத்துகள் கிளம்பும், பக்கத்து மரத்துக்குள் நுழையும். உயரத்தில் குறைத்ததை அகலத்தில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மரத்துக்கு மரம் ஐந்தடி.

ஐந்து என்பது நடு எண். ரகத்தையும் மண்ணையும் பார்த்து அது நகரும். ஹனிகிரிஸ்ப், மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்டது, யு-பிக் தோட்டத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் வீரியம் குறைந்த ரகம். எம்.9 அல்லது ஜி.41 மேல் நான்கு அடி போதும். பி.9 மேல் ஒட்டினால் பல மண்ணில் அது எட்டு அடியையே தொடாமல் குன்றிப்போகும். மக்கின்டாஷ், கார்ட்லண்ட் ரகங்களுக்கு எம்.9 மேல் ஐந்து முதல் ஆறு. ஜோனகோல்ட், முட்சு இரண்டும் மும்மய ரகங்கள் (இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் உள்ளவை), முரட்டு வளர்ச்சி. எம்.9 மேலேயே ஆறு அடி கேட்கும், பி.9 மேல் ஐந்தில் அடங்கும். நார்தர்ன் ஸ்பை வளர்வதில் சூரன், காய்க்கத் தொடங்குவதில் சோம்பேறி. குட்டை வேர்ச்செடி இல்லாமல் அதை நடுவது பேரப்பிள்ளைக்கு நடுவது. ஆழமான வண்டல் மண்ணானால் எல்லாவற்றுக்கும் ஓர் அடி கூட்டலாம். சரளை மண்ணானால் அடியைக் குறைப்பதைவிட, வேர்ச்செடியை ஒரு படி பெரியதாக்கி, சொட்டுநீரும் போடுவது நல்லது. எம்.9இன் வேர் மேலோடியது, வறட்சியைத் தாங்காது.

இரண்டு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 290 அடி, வடக்கு தெற்காக 300 அடி. இரு முனையிலும் வண்டி திரும்ப 25 அடி விட்டால் வரிசை நீளம் 250 அடி. நடுவே 14 அடிக் குறுக்குப் பாதை. அது இல்லாவிட்டால் மக்கள் மரங்களுக்கிடையே நுழைந்துதான் அடுத்த வரிசைக்குப் போவார்கள். அப்படிப் போகிற இடத்தில் கிளை ஒடிவதைத் தடுக்கவே முடியாது. பாதை போக ஒவ்வொரு துண்டும் 118 அடி. ஐந்தடிக்கு ஒன்று என்றால் 24 மரம். ஒரு வரிசைக்கு 48. பக்கங்களில் கொஞ்சம் விட்டு 14 அடிக்கு ஒரு வரிசை என்றால் 20 வரிசை. மொத்தம் 960 மரம். வகுத்தல் கணக்கு என்ன சொல்லியிருக்கும்? பதினான்கை ஐந்தால் பெருக்கினால் எழுபது. ஏக்கருக்கு 622, இரண்டு ஏக்கருக்கு 1,244. கையில் வந்ததோ 960. கிட்டத்தட்ட கால் பங்கு நிலம் பாதைக்கும் திருப்பத்துக்கும் போய்விட்டது. கன்றுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இந்த வரைபடத்தைத் தாளில் போட்டுப் பார்க்காதவரிடம் வசந்த காலத்தில் 280 கன்று மிஞ்சிக் கிடக்கும்.

நன்கு காய்க்கும் நிலையில் ஒரு மரத்துக்கு ஒரு புஷல், அதாவது 42 பவுண்டு, ஏறத்தாழ 19 கிலோ என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். பன்னிரண்டுக்கு மூன்று நடவின் விளைச்சல் இதில் வராது. ஆனால் பறிகூலியும் பெட்டியும் குளிர்கிடங்கும் இல்லாமல் சில்லறை விலைக்கே விற்கிறோம் என்பதால், ஏக்கருக்கு எத்தனை புஷல் காய்த்தது என்பதைவிட எத்தனை புஷல் பைக்குள் போனது என்பதே இங்கே கணக்கு.

இன்னொரு வழியும் இருக்கிறது. மரத்தைப் பத்து, பதினொரு அடி வரை விட்டு, மேல் பகுதியைத் தோட்டத்து ஆட்களே பறித்துப் பண்ணைக் கடையிலும் சாறு பிழியவும் பயன்படுத்துவது. சாறு ஆலையும் கடையும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இது நல்ல யோசனை. வணிக இடைவெளியையே வைத்துக்கொள்ளலாம். இல்லாதவருக்கு வேண்டாம். வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் நாட்களில் ஆட்கள் ஏணி போட முடியாது, கூட்டம் இல்லாத நாட்களில் ஆள் கிடைக்காது. மேல் காய் அங்கேயே நின்று பழுத்து, கீழே நிற்பவர் தலையில் விழும்.

கம்பியும் முட்டும்

எம்.9 வகை மரம் தானாக நிற்காது, ஆயுள் முழுக்க முட்டு வேண்டும். வணிகத் தோட்டங்களில் நான்கைந்து கம்பிகள் ஓடும் பந்தல் போடுவார்கள். யு-பிக்கில் தாழ்வான கம்பி தொல்லை. மூன்றடியில் ஓடும் கம்பி பிள்ளைகளுக்கு ஊஞ்சல். அந்தியில் குனிந்து நுழைபவருக்கு முகத்தில் கீறல். ஒரே ஒரு கம்பியை ஆறரை, ஏழு அடி உயரத்தில் ஓட்டி, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயை நட்டு, அந்தக் குழாயை மேல் கம்பியில் பிணைப்பது இங்கே பொருத்தமான முறை. பத்தடிக் குழாயில் இரண்டடி மண்ணுக்குள் போனால் மேலே எட்டடி நிற்கும். அதுவே கவாத்துக்காரருக்கு அளவுகோலும் ஆகிவிடுகிறது: குழாய்க்கு மேலே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கேள்வி கேட்கலாம்.

வரிசை முனைக் கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் சாய்வுக் கம்பிதான் உண்மையான ஆபத்து. மக்கள் கூடும் திருப்பத்தில், முழங்கால் உயரத்தில், புல் நிறத்தோடு ஒன்றிப்போய் நிற்கும். அதற்கு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் மாட்ட வேண்டும். நங்கூரத்தைத் திருப்பத்துக்குள் நீட்டாமல் வரிசையின் நீளத்துக்குள்ளேயே அடக்க வேண்டும். அப்படி அடக்கும்போது வரிசைக்கு ஓரிரண்டு மரம் குறையும். மேலே சொன்ன 960இல் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். நடுவே குறுக்குப் பாதை வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு முனைக் கம்பம் கூடுதலாகும் செலவும் உண்டு.

எட்டடியில் நிறுத்துவது எப்படி

உச்சியை மார்ச்சில் மட்டமாக நறுக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மிக மோசமான வழியும் அதுவே. வேரில் சேமித்திருந்த சத்து முழுவதும் வெட்டுக்குக் கீழே உள்ள நான்கைந்து மொட்டுகளுக்குப் பாயும். ஆகஸ்டில் அங்கே மூன்றடிப் போத்துகள் துடைப்பம் மாதிரி நிற்கும். அவற்றின் இலை குடை பிடித்தாற்போல் கீழே நிழல் தட்டும். நிழல் விழுவது எங்கே? வாடிக்கையாளர் கை எட்டும் அந்த ஐந்தடிப் பட்டையில். வணிகத் தோட்டத்தில் உச்சி தடித்தால் அடிக்காய் தரம் குறையும், மேல் காய் ஈடுகட்டும். இங்கே ஈடுகட்ட மேலே எதுவும் இல்லை.

சரியான முறை நிதானமானது. நடுத்தண்டைக் குழாய் உயரத்தைத் தாண்ட விடுங்கள். அதன் நுனி காய் தாங்கி வளையட்டும். அதன் பிறகு, எட்டடிக்குப் பக்கத்தில் மெலிந்து, கிடைவாக, பூமொட்டோடு இருக்கும் ஒரு சிறு பக்கக் கிளை வரை வெட்டி, அந்தக் கிளையையே புதிய நுனியாக்க வேண்டும். காய்க்கும் நுனி போத்து விடாது. அடுத்த ஆண்டுகளில் அது மீண்டும் நிமிர்ந்தால் மறுபடி இன்னொரு மெலிந்த கிளைக்கு இறக்கலாம். வீரியம் அடங்காத மரத்துக்குக் குளிர்காலத்தைவிட ஆகஸ்டில் வெட்டுவது குறைவான பதில் வளர்ச்சியைத் தரும். தழைச்சத்தையும் அந்த ஆண்டு நிறுத்திவிட வேண்டும்.

மேல் பாதியில் முக்கால் அங்குலத்துக்கு மேல் தடித்த கிளை இருக்கக்கூடாது. ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு தடித்த கிளைகளை நடுத்தண்டை ஒட்டி எடுத்துவிடுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும்: மேல் விளிம்பு தண்டோடு ஒட்டி, கீழ் விளிம்பு அரை அங்குலம் நீட்டி. கீழே விட்ட அந்த மிச்சத்திலிருந்து மெலிந்த புதுக்கிளை கிடைவாக வரும். கிளையின் நுனிகளை மட்டும் கத்தரித்துக் குட்டையாக்கும் பழக்கம் வேலிச் செடிக்குச் சரி, ஆப்பிளுக்கு ஆகாது. இந்த ஒழுங்கு தவறாமல் நடந்தால் மரம் கூம்பாகவே இருக்கும்: அடியில் ஐந்தடி அகலம், உச்சியில் ஒன்றரை.

ஏற்கெனவே 16 அடிக்கு வளர்ந்துவிட்ட எம்.7 மரங்களோடு தோட்டம் வாங்கியவர்கள் அவற்றை மூன்று, நான்கு ஆண்டுகளில் படிப்படியாகப் பத்தடி வரை இறக்கலாம். ஒரே குளிர்காலத்தில் பாதியாக வெட்டினால் இரண்டு ஆண்டுக்குப் போத்துதான் அறுவடை. எட்டடிக்கு அவை எக்காலத்திலும் வசதியாக வராது.

உறைபனி என்ற எதிர்வாதம்

குட்டை மரத்துக்கு ஒரு நிஜமான பலவீனம் இருக்கிறது. காற்றில்லாத வசந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து தரையில் படியும். மேலே போகப் போகச் சற்று வெதுவெதுப்பு. முழுப் பூவில் 28 டிகிரி பாரன்ஹீட் என்றால் பத்தில் ஒரு பூ சாகும். 25 என்றால் பத்தில் ஒன்பது. இந்த மூன்று டிகிரி வித்தியாசம் சில இரவுகளில் மரத்தின் அடிக்கும் பதினைந்தடிக்கும் நடுவிலேயே பெரும்பங்கு இருக்கும். 2012இல் மார்ச் வெப்பத்தில் முந்திப் பூத்து ஏப்ரல் பனியில் மிச்சிகன் மாநிலம் தன் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இழந்தது. 2023 மே 18 அன்று நியூயார்க்கிலும் வெர்மான்ட்டிலும் பனி அடித்தது. இப்படியான இரவில் பழைய உயர மரத்தின் உச்சியில் கொஞ்சம் காய் தப்பும். எட்டடி மரத்தில் தப்புவதற்கு உச்சியே இல்லை.

அதனால் குட்டை மரத் தோட்டம் பள்ளத்தில் அமையக்கூடாது. சரிவின் நடுப்பகுதியே நல்ல இடம். குளிர்ந்த காற்று வழிந்தோட வரிசைகள் சரிவோடு இறங்க வேண்டும். அடிவாரத்தில் அடர்ந்த வேலி மரங்கள் இருந்தால் இடைவெளி திறந்துவிட வேண்டும். மான் தடுக்கும் எட்டடி வேலி கம்பி வலையாக இருக்கட்டும், பலகையாக வேண்டாம். மானுக்கு எட்டும் உயரமும் குழந்தைக்கு எட்டும் உயரமும் ஒன்றுதான் என்பதால் அந்த வேலி இல்லாமல் எட்டடி மரத் தோட்டம் போடுவதில் பொருளில்லை.

வரிசைகளின் வரிசை

ஒரு வரிசையில் ஒரே ரகம். மகரந்தச் சேர்க்கைக்காக வணிகத் தோட்டங்களில் ரகங்களைக் கலந்து நடுவது உண்டு. யு-பிக்கில் அப்படிச் செய்தால், பழுக்காத எம்பயரும் பழுத்த மக்கின்டாஷும் ஒரே பையில் போய்ச் சேரும். இரண்டிரண்டு வரிசையாக ரகம் மாற்றி நட்டால் தேனீக்கு அந்தத் தூரம் ஒன்றுமில்லை. ஜோனகோல்ட், முட்சு இரண்டின் மகரந்தமும் பயன்படாது. அவை நிற்கும் வரிசைகளுக்கு இரு பக்கமும் வேறு ரகங்கள், அதே சமயத்தில் பூப்பவை, இருக்க வேண்டும்.

பழுக்கும் முறைப்படி ரகங்களை ஒரு பக்கத்திலிருந்து அடுக்குங்கள்: ஆகஸ்ட் கடைசியின் பாலா ரெட், பிறகு மக்கின்டாஷ், காலா, ஹனிகிரிஸ்ப், பிறகு எம்பயர், கடைசியில் முட்சு, பூஜி. வாரம் தோறும் ஒரு கயிற்றை நகர்த்தினால் திறந்த பகுதியும் மூடிய பகுதியும் பிரிந்துவிடும். வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலுள்ள மரங்கள் முதல் நாளே மொட்டையாகும், தொலைவிலுள்ளவை உதிரும். ஆகவே நுழைவாயிலை வரிசைகளின் முனையில் வைக்காமல், நடுக் குறுக்குப் பாதையில் வைத்தால் கூட்டம் இரு பக்கமும் பிரியும். ஹனிகிரிஸ்பை வாசலிலேயே வைக்காதீர்கள். அதற்காக எவ்வளவு தூரமும் நடப்பார்கள். போகிற வழியில் கார்ட்லண்டையும் பறிப்பார்கள்.

வேர்ச்செடியும் ரகமும் சொல்லி வாங்கும் கன்றுக்கு நாற்றங்காலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இன்று வாசலில் எது இருக்கிறதோ அதை வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் எம்.எம்.111 மேலோ எம்.7 மேலோ ஒட்டிய மிச்சக் கன்றுகள். ஆர்டரில் ரகம், வேர்ச்செடி, ஒட்டு உயரம், இரண்டடிக்கு மேல் எத்தனை பக்கக் கிளை என்று நான்கையும் எழுதிக் கேளுங்கள். கன்று வரும் வரையிலான இரண்டு ஆண்டில் மண்ணின் சுண்ணாம்பு அளவைச் சரிசெய்து, வடிகால் குழாய் பதித்து, புல் பாதைகளை விதைத்து, குழாய்களையும் முனைக் கம்பங்களையும் நட்டு முடித்துவிடலாம்.